பேய்ப்படங்களில் முதலிடம் எதற்கு?



இலக்கிய நிகழ்ச்சியொன்றில் பேய்ப்படங்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். ஆனால், அச்சம் நம் இலக்கணத்துக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை என்ற நான்குக்குப் பின் ஐந்தாவதாக அச்சம் வருகிறது. காதலுக்கும் வீரத்துக்கும் இலக்கணம் வகுத்தவர்கள் அச்சத்துக்கும் இலக்கணம் வகுத்தார்கள். ஆகவே, அச்சத்தைப் பிழைப்பாகக் கொண்ட படங்களைப் பற்றி இங்கே பேசுவதில் குற்றமில்லை என்றே நினைக்கிறேன்.

எங்கள் புத்தளக் கரையில் இந்தப் பேச்சு ஓயாத பேச்சு. கற்பிட்டியிலிருந்து உடப்பு வழியாகச் சிலாபம் வரை தேநீர்க் கடைகளிலும், கரைவலை வாடிகளிலும், உப்பளத்து நிழலிலும், படம் பார்க்கிறவர்கள் நாலுபேர் கூடினால் இந்த விவாதம் எப்படியும் வந்துவிடும். உலகத்திலேயே பயங்கரமான படம் எது? முதலாவது எது, இரண்டாவது எது? எண்பதுகளில் ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று நான்கு படம் ஓட்டிய காலத்திலே தொடங்கிய சண்டை இது. இன்று படம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. சண்டை மாத்திரம் அப்படியே இருக்கிறது.

இப்படித் தரவரிசை போடுவது நம்மூர்ப் பழக்கம் மாத்திரமல்ல. அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 2001-ஆம் ஆண்டில், நெஞ்சைப் படபடக்க வைக்கும் 100 அமெரிக்கப் படங்களைப் பட்டியலிட்டது. அதில் முதலிடம் அல்பிரட் ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’வுக்கு. இரண்டாமிடம் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘ஜோஸ்’ என்ற சுறாப் படத்துக்கு. மூன்றாமிடம் வில்லியம் பிரீட்கினின் ‘எக்ஸோர்சிஸ்ட்’டுக்கு. பெரியவர்கள் போட்ட பட்டியல் என்பதற்காக அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘ஷைனிங்’ 1980-இல் வெளிவந்தபோது, மோசமான படைப்புகளுக்கென்று ஏற்படுத்தப்பட்ட ராஸி விருதுக்கு அவருடைய பெயரைத்தான் முன்மொழிந்தார்கள். இன்று அந்தப் படம் இல்லாமல் ஒரு பயங்கரப் பட்டியலும் நிறைவு பெறுவதில்லை. அச்சத்துக்கு மார்க்குப் போடுவது அவ்வளவு எளிதான காரியமன்று.

எங்கள் கரையில் அந்த மூன்று படங்களுக்கும் என்ன நேர்ந்தது என்று சொல்கிறேன்.

‘எக்ஸோர்சிஸ்ட்’ 1973-இல் வந்த படம். ஒரு சிறுமியின் உடலில் புகுந்த சாத்தானை இரண்டு குருவானவர்கள் விரட்டுகிற கதை. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் போகிற கத்தோலிக்க நண்பருக்கு இதற்கு மேல் ஒரு படம் கிடையாது. “அது கதையில்லை அண்ண, நடக்கிற காரியம்” என்பார். பக்கத்திலிருக்கும் முஸ்லிம் நண்பர், “ஜின் எண்டு வாற படம் ஒண்டு எடுத்தா அப்ப தெரியும் நானா” என்பார். உடப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிப்பவருக்கோ, 1978-இல் துரை இயக்கி ரஜினிகாந்தும் லதாவும் நடித்த ‘ஆயிரம் ஜென்மங்கள்’தான் பேய்ப்படம். ஆவி புகுந்த பெண்ணின் கண்ணைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை என்பது அவர் கட்சி. சிங்கள நண்பர் வந்தால், இரவில் வழி மறிக்கும் மோகினியையும் சுடுகாட்டு மஹசோனாவையும் கூட்டிக்கொண்டுதான் வருவார். எவருக்கு எதில் நம்பிக்கையோ அதில்தான் அவருக்குப் பயம். நம்பாத பேய் நம்மைத் தொடுவதில்லை.

‘ஜோஸ்’ 1975-இல் வந்தது. அந்தப் படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடலின் உப்புநீரில் அடிக்கடி பழுதாகிவிட்டது. உப்பு எதையெல்லாம் தின்னும் என்று புத்தளத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுறாவைக் காட்ட முடியாமல் போனதால், தண்ணீரையும், மிதக்கும் பீப்பாய்களையும், ஜோன் வில்லியம்ஸின் இரண்டே சுர இசையையும் வைத்துப் படத்தின் பெரும்பகுதியை ஸ்பீல்பேர்க் நகர்த்தினார். காட்டாமல் விட்டதே படத்துக்குப் பலமாயிற்று. உலகமெல்லாம் அதைப் பார்த்துவிட்டுக் கடலில் இறங்கப் பயந்தார்கள் என்று சொல்வார்கள். எங்கள் வாடியில் அதைப் பார்த்த சம்மாட்டி ஒருவர் கேட்டது வேறு: “இவ்வளவு பெரிய சுறா எண்டா என்ன விலை போகும்?” சுறா அவருக்குக் கறியும் கருவாடும்தான். அவருடைய பயமெல்லாம் வாடைக்காற்றிலும், நடுக்கடலில் நின்றுபோகும் எஞ்சினிலும்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொண்டார். “மேல தண்ணி சும்மா கிடக்கு, கீழ என்ன கிடக்கெண்டு தெரியாது. அது மட்டும் சரியாக் காட்டியிருக்கான்.” அந்தப் படத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் வாசித்ததில்லை.

‘சைக்கோ’ 1960-ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளைப் படம். குளியலறையில் ஒரு பெண் கொல்லப்படும் காட்சி ஒரு நிமிடங்கூட வராது. அதற்காக எழுபதுக்கும் மேற்பட்ட கோணங்களில் படம் பிடித்தார்கள். இரத்தமாக ஓடியது சொக்லேட் பாகு. கத்தி தசையில் இறங்குவதை நாம் தெளிவாகக் காண்பதில்லை, கண்டதாக நினைத்துக்கொள்கிறோம். இந்தப் படத்தில் பேயில்லை, பிசாசில்லை. சிரித்துப் பேசி, உணவு கொடுத்து உபசரிக்கும் ஒரு விடுதிக்கார இளைஞன்தான் இருக்கிறான். “பேயே வராத படம் எப்படிப் பேய்ப்படம்?” என்று இளைஞர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள்.

அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் நான் தொல்காப்பியத்தை அழைக்கிறேன். அச்சம் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது அந்நூல். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அந்த நான்கு. அணங்கு என்றால் வருத்தும் தெய்வமும் பேயும். விலங்கு என்றால் கொடிய மிருகம். கள்வர் என்றால் தீங்கு செய்யும் மனிதர். இறை என்றால் நம்மை ஆள்பவர், நம்மீது அதிகாரம் உள்ளவர். அமெரிக்க நிறுவனத்தின் பட்டியலில் முதல் மூன்றிடங்களையும் இதில் பொருத்திப் பாருங்கள். ‘எக்ஸோர்சிஸ்ட்’ அணங்கு. ‘ஜோஸ்’ விலங்கு. ‘சைக்கோ’ கள்வர். மூன்று இடங்கள் நிரம்பிவிட்டன. நான்காவது எங்கே?

நான்காவதை எனக்கு விளக்கியவர் தொல்காப்பியம் படித்தவரல்லர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களில் பெரும்பாலானோர் நடந்தும், லொறிகளிலும், மன்னார்ப் பக்கமிருந்து படகுகளிலுமாக எங்கள் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்து, கற்பிட்டி வீதியோரத்தில் ஓலைக் கொட்டிலில் குடியேறிய ஒருவர் எங்கள் படச் சண்டைகளில் வந்து உட்காருவார், பேசமாட்டார். ஒருநாள் அவரையும் இழுத்தோம். “காக்கா, நீங்க சொல்லுங்க, எந்தப் படம் முதலாவது?”

அவர் சொன்னார்: “படத்தில பூட்டிக் கிடக்கிற வீட்டைக் காட்டிப் பயப்படுத்துறாங்க. உள்ளுக்குப் போகாத, போகாத எண்டு எல்லாரும் சொல்றாங்க. நான் பூட்டிட்டு வந்த வீடு ஒண்டு இருக்கு. உள்ளுக்குப் போகக் கிடைக்காதா எண்டு இருக்கு எனக்கு. சாவி இன்னும் என்னட்டத்தான்.”

அன்று தரவரிசை அதோடு நின்றுவிட்டது. அணங்குக்குத் தாயத்து உண்டு. விலங்குக்கு ஈட்டி உண்டு. கள்வனுக்குப் பூட்டு உண்டு. நம்மை ஆள்பவனே, ஆயுதம் தரித்தவனே, வெளியே போ என்றால் அதற்கு என்ன காவல்? பழைய இலக்கணகாரர் இறையை அந்த வரிசையில் சேர்த்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுதாய் விளங்கியது. அதன் பிறகு, ஒரு பயங்கரப் படத்தைப் பார்க்கும்போது, இதில் நான்காவது அச்சம் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன்.

தேடினால் நம்முடைய படங்களில் அது நிறைய இருக்கிறது. 1993-இல் பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழு’ என்ற மலையாளப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோபனாவுக்குத் தேசிய விருதைப் பெற்றுக் கொடுத்த படம். கன்னடத்தில் 2004-இலும், தமிழில் ‘சந்திரமுகி’யாக 2005-இலும், இந்தியில் 2007-இலும் மீண்டும் எடுக்கப்பட்டது. பழைய மாளிகையில் பூட்டிய அறை. அதைத் திறக்கிறாள் புதிதாக வந்த மருமகள். அங்கே கொல்லப்பட்டவள் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நர்த்தகி. அவளைக் கொண்டுவந்து அடைத்து வைத்தவரும் கொன்றவரும் அந்த வீட்டை ஆண்ட பெரியவரே. மருமகளைப் பிடித்திருப்பது பேயல்ல, மனநோய் என்று மருத்துவர் கண்டுபிடிக்கிறார். மேலே பார்த்தால் அணங்கு. உள்ளே போனால் இறை. அதிகாரம் செய்த அநியாயம் ஒன்றை அந்த வீடு பூட்டி வைத்திருந்தது. அந்த அநியாயம் ஒரு பெண்ணின் வாய்வழியாகத் தமிழில் பேசுகிறது.

தமிழில் அறிவழகன் இயக்கிய ‘ஈரம்’ 2009-இல் வந்தது. அதில் பேய் தண்ணீராக வருகிறது. கதவிடுக்கில் கசியும், கூரையிலிருந்து சொட்டும். தண்ணீரை நம்பி வாழும் எங்களுக்கு அந்த எண்ணமே போதும். ஆனால், அந்தப் பெண் ஆவியானதற்குக் காரணம் கணவனின் சந்தேகமும் அயலாரின் வாயும்தான். வீட்டுக்குள்ளேயும் ஓர் இறை இருக்கிறான் என்று அந்தப் படம் சொல்கிறது. ராகவா லோரன்ஸின் ‘காஞ்சனா’ 2011-இல் வந்தது. சிரிப்புப் பேய் என்று நண்பர்கள் பலர் அதைத் தள்ளிவிடுவார்கள். சிரிப்பு அச்சத்தைக் கலைத்துவிடுகிறது என்பது உண்மை. ஆயினும், ஊர் ஒதுக்கிய ஒரு திருநங்கையை நிலத்துக்காகக் கொன்றார்கள் என்ற கதையை, குடும்பத்தோடு படம் பார்க்கும் சனங்களிடம் அந்தப் படம் கொண்டுபோனது. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம் பேய்களில் பெரும்பாலானவை பெண்களாக இருப்பதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். உயிரோடு இருக்கையில் முறையிட ஒரு மன்றம் இல்லாதவள் செத்த பிறகு முறையிடுகிறாள். படம் பார்க்கும் நாமோ, அவளை விரட்டும் மந்திரவாதியின் பக்கம் நின்று கைதட்டுகிறோம். யாருடைய பயத்தை நாம் பயமென்று எண்ணுகிறோம் என்பது இங்கே கேள்வியாகிறது.

ஆகவே, என் தரவரிசைக்கு மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கிறேன். முதலாவது, திடீர்ச் சத்தத்தை எடுத்துவிட்டால் படத்தில் ஏதாவது மிஞ்சுகிறதா? தகரத்தைக் காதருகே தட்டினாலும் மனிதன் திடுக்கிடுவான், அது கலையாகாது. இரண்டாவது, முடிவு தெரிந்த பின் மறுமுறை பார்க்கும்போதும் அச்சம் நிற்கிறதா? மூன்றாவது, பயத்துக்குப் பின்னால் இருக்கும் அநியாயத்தைப் படம் காண்கிறதா, அல்லது பேயை விரட்டியதோடு கணக்கை மூடிவிடுகிறதா?

இந்த அளவில் என் முதலிடம் ‘மணிச்சித்திரத்தாழு’வுக்கு. இரண்டாமிடம் ‘சைக்கோ’வுக்கு; நல்ல முகத்துக்குள் இருக்கும் கொடுமையை அதைவிட நன்றாகக் காட்டிய படம் நான் பார்த்ததில்லை. மூன்றாமிடம் ‘ஈரம்’. நான்காமிடம் ‘ஜோஸ்’, அந்தச் சம்மாட்டி சொன்ன காரணத்துக்காக. ஐந்தாமிடம் ‘எக்ஸோர்சிஸ்ட்’. என் கத்தோலிக்க நண்பர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நாளைக்குச் சண்டைக்கு வருவார், வரட்டும். ‘சந்திரமுகி’ ஏன் இல்லை என்று ரஜினி ரசிகர்களும் வருவார்கள். சென்னையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய படம் அது. அதில் ஜோதிகாவின் நடிப்புக்கு நானும் ரசிகன்தான். ஆனால், நாயகனின் வீரத்துக்கு இடம் கொடுக்கப்போய், அந்த நர்த்தகியின் துயரத்துக்கு இருந்த இடம் குறைந்துவிட்டது.

நேயர்களே, உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த முறை நண்பர்களோடு இந்தச் சண்டையில் இறங்கும்போது, எந்தப் படம் பயங்கரம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எதற்குப் பயந்தாய் என்றும் பக்கத்திலிருப்பவரைக் கேளுங்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பவர் யாராவது இருந்தால், அவரை முதலில் கேளுங்கள்.