போர்த்திய படகும் சாலைக் காற்றும்



படகு என்றவுடன் நம் மனக்கண் முன் நீர்ப்பரப்புத்தான் தோன்றும். ஆனால் இன்று நான் பேசப்போவது நீரில் மிதக்கும் படகைப் பற்றியன்று. நெடுஞ்சாலையில் ஓடும் படகைப் பற்றி. படகு எவ்வாறு சாலையில் ஓடும் என்று நீங்கள் வியக்கலாம். தானாக அது ஓடாதுதான். சக்கரங்கள் பூட்டிய ஒரு தாங்கு வண்டியின்மீது அதனை ஏற்றி, அவ்வண்டியை ஒரு மோட்டார் வண்டியின் பின்னால் பிணைத்து இழுத்துச் செல்வார்கள். இந்தத் தாங்கு வண்டிக்கு டிரெய்லர் என்று பெயர்.

அமெரிக்க நாட்டின் வடபகுதியில் மின்னசோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே அங்கு 11,842 உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அவ்வேரிகளின் மேற்பரப்பு உறைந்து பாறைபோல் கெட்டிப்பட்டுவிடும். ஆகையால் அதற்கு முன்பே படகுகளைக் கரையேற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பனி உருகி, மே மாதத்தில் மீன்பிடிப் பருவம் தொடங்கும்போது மறுபடியும் அவற்றை ஏரிக்கு இழுத்து வருகிறார்கள். அத்தகைய நாட்களில் அங்குள்ள சாலைகளில் நான் பிரயாணம் செய்திருக்கிறேன். தேர்த் திருவிழாவுக்குப் போகும் வண்டிகளைப்போல, ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் வந்துகொண்டேயிருக்கும். சில திறந்தபடியே வரும். சில, தலை முதல் கால் வரை துணியுறையால் போர்த்தப்பட்டு வரும்.

போர்த்திச் செல்வது நல்லதா, திறந்தபடி இழுத்துச் செல்வது நல்லதா? இஃதென்ன கேள்வி, போர்த்துவதால் தீமை உண்டாகுமா என்று நீங்கள் கேட்கலாம். உண்டாகும் என்பதற்கு நான் கண்ட ஒரு காட்சியே சான்று.

வழியில் வண்டிகள் இளைப்பாறும் இடம் ஒன்றில் ஒருவர் தம் படகைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அதன் உறை முன்பக்கத்தில் கிழிந்து, நார் நாராகத் தொங்கியது. படகிலுள்ள காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் மூலையில் உரசி உரசி, துணியில் கையளவு ஓட்டை விழுந்திருந்தது. "ஆறு மாத காலம் என் வீட்டு முற்றத்தில் பனியிலும் மழையிலும் கிடந்தது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. இன்றோ காற்றே இல்லை. இரண்டு மணி நேரத்தில் இந்தக் கதியாகிவிட்டதே!" என்று அவர் வருந்தினார். அவர் சொன்னதில் பொய்யில்லை. சுற்றியிருந்த மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. அப்படியானால் அந்த உறையைக் கிழித்த காற்று எங்கிருந்து வந்தது?

விடை நீங்கள் அறிந்ததுதான். ஓடும் இரயில் வண்டியின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் காற்று கையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காற்று நின்றுகொண்டிருக்க, நாம் அதன்மீது மோதுகிறோம். நிற்கும் பொருளின்மீது காற்று மோதினாலும், நிற்கும் காற்றின்மீது பொருள் மோதினாலும் விளைவு ஒன்றே. இயக்கம் என்பது ஒன்றையொன்று சார்ந்தது என்ற இந்த உண்மையை, கலிலியோ 1632-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் ஒரு கப்பலை உதாரணமாகக் கொண்டே விளக்கினார். சீராகச் செல்லும் கப்பலின் மூடிய கீழறைக்குள் இருப்பவனால் கப்பல் ஓடுகிறதா, நிற்கிறதா என்று கண்டுகொள்ள முடியாது என்றார் அவர். அறைக்குள்ளிருக்கும் காற்றும் கப்பலோடு கூடவே செல்வதுதான் அதற்குக் காரணம். திறந்த மேல்தளத்தின் நிலை அத்தகையதன்று. நாம் பேசும் படகிலும் அப்படியே. உறைக்கு உள்ளேயிருக்கும் காற்று படகோடு பிரயாணம் செய்கிறது. உறைக்கு வெளியே இருக்கும் காற்றோ எதிர்த்து வந்து மோதுகிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டிருப்பது ஒரு துணி.

அந்த மோதலின் வலிமையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, எதிர்ப்படும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் சுமார் 6 கிலோகிராம் எடையை வைத்தாற்போன்ற அழுத்தம் விழுகிறது. வேகத்தை இரட்டித்து 72 கிலோமீட்டர் ஆக்கினால் அழுத்தம் 12 ஆகும் என்று எண்ணிவிடாதீர்கள். அது 24 ஆகிறது. வேகத்தை மும்மடங்காக்கி 108 கிலோமீட்டர் ஆக்கினால் அழுத்தம் ஒன்பது மடங்காகி, 55 கிலோகிராம் அளவை எட்டுகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தைப் பின்பற்றி வளர்வதில்லை. வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி வளர்கிறது. எதிர்க்காற்று வீசினால் அதன் வேகத்தையும் நம் வேகத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதனை வேறு விதமாகவும் சொல்லலாம். நம் நாட்டு வானிலை ஆய்வுத் துறையினர், சுழன்று வீசும் காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் அளவைத் தாண்டினால் அதனைப் புயல் என்கிறார்கள். 89 கிலோமீட்டரை எட்டினால் தீவிரப் புயல் என்கிறார்கள். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்லப்படும் படகு, வானம் தெளிந்திருக்கும் நாளிலும் தீவிரப் புயலுக்குள்தான் நின்றுகொண்டிருக்கிறது. அந்த மனிதருடைய உறை ஆறு மாதம் தாங்கியது மழையை. இரண்டு மணி நேரம் தாங்க முடியாமற் போனது புயலை.

காற்று உறையைப் பின்னுக்குத் தள்ளுவதோடு நின்றுவிடுவதில்லை, மேல்நோக்கியும் தூக்குகிறது. பாரம் ஏற்றிய லாரி ஒன்று விரைந்து போகும்போது அதன் தார்ப்பாய் உப்பி மேலெழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வளைந்த பரப்பின்மேல் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வேகத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ள இந்தத் தொடர்பை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளிவந்த தமது நூலில், நீரை வைத்து விளக்கினார். உறையின் மேலே அழுத்தம் குறைவு. உள்ளேயோ அதைவிட மிகுதி. ஆகவே உள்ளிருந்து யாரோ முதுகால் முட்டித் தூக்குவதுபோல் துணி மேலெழுகிறது. முன்விளிம்பில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்துவிட்டால் போதும். அதன் வழியே காற்று உள்ளே புகுந்து, பாய்மரக் கப்பலின் பாயைப்போல் உறையை விரித்துவிடும்.

மூன்றாவது தொல்லை படபடப்பு. கொடி காற்றில் அசைவதைப் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் நாள்தோறும் பறக்கும் கொடி எந்த இடத்தில் முதலில் நைந்துபோகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அதன் ஓயாத ஆட்டத்தைத் தாங்கும் வெளி ஓரத்தில்தான். தளர்ந்த துணி அசைய, அந்த அசைவே காற்றின் போக்கை மாற்ற, மாறிய காற்று அசைவை மேலும் வளர்க்கிறது. இந்த ஆட்டம் துணிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டகோமா நகருக்கருகில் கடற்கால்வாய் ஒன்றின்மேல் கட்டப்பட்ட தொங்கு பாலம், 1940-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகக் காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி இடிந்து விழுந்தது. அது திறக்கப்பட்டு நான்கு மாதங்களே ஆகியிருந்தன. எஃகும் காங்கிரீட்டும் பட்ட பாடு அது என்றால், தளரக் கட்டிய துணியின் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

படபடக்கும் உறை தான் கெடுவதோடு தான் காக்க வந்த பொருளையும் கெடுக்கிறது. துணிக்கும் படகின் மெருகுக்கும் இடையே நுண்ணிய சாலைப் புழுதி புகுந்துகொள்கிறது. துணி அசைய அசைய, அப்புழுதி உப்புத்தாளைப்போல் மெருகைத் தேய்க்கிறது. ஊர் போய்ச் சேர்ந்து உறையை எடுத்துப் பார்த்தால், கண்ணாடிபோல் மின்னிய பக்கங்கள் மங்கிக் கிடக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று போர்த்தியதே பழுதுக்குக் காரணமாகிவிடுகிறது.

அப்படியானால் போர்த்தவே கூடாதா? அவ்வாறு நான் கூறவில்லை. இதில் தெளிந்தவர்கள் உறைகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை, நிற்கும் படகுக்கு உரியது. அதனை உள்ளே முட்டுக்கொம்பு கொடுத்துக் கூடாரம்போல் உயர்த்திக் கட்டுகிறார்கள். மழைநீர் தேங்காமல் வழிந்தோட அந்தச் சரிவு அவசியம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் நீர் தேங்கினாலும் அதன் எடை 10 கிலோகிராம் அல்லவா? இரண்டாம் வகை, சாலைக்கு உரியது. அது படகின் உருவத்துக்கேற்ப வெட்டித் தைக்கப்பட்டு, உடலோடு ஒட்டிய சட்டைபோல் அமைந்திருக்கும். முதல் வகையை அணிவித்துச் சாலையில் விரைவதைவிட, அதனைச் சுருட்டி வண்டிக்குள் வைத்துவிட்டுப் படகைத் திறந்தபடி இழுத்துச் செல்வதே மேல். திறந்து செல்லும்போது, படகிலுள்ள மெத்தை, மிதவைச் சட்டை முதலிய தளர்ந்த பொருள்களை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். அவ்வளவே.

சாலைக்குரிய உறையானாலும் அதைக் கட்டும் முறையில்தான் பயன் இருக்கிறது. அனுபவமுள்ள ஒரு முதியவர் தம் படகைப் போர்த்துவதை நான் அருகிருந்து கவனித்தேன். முதலில் முன்முனையை இழுத்து இறுக்கினார். காற்று முதலில் தாக்குவது அங்கேதான். கண்ணாடியின் மூலைகளிலும் கூரிய பிடிகளிலும் பழந்துணியை மடித்து வைத்து, அவற்றின்மேல் உறையைப் படியச் செய்தார். பின்னர் பக்கங்களிலிருந்து பட்டைகளைக் கீழே இறக்கி, டிரெய்லரின் சட்டத்தோடு பிணைத்தார். நாடாபோல் தட்டையான அப்பட்டைகள் ஒவ்வொன்றையும் ஒரு முறை முறுக்கிவிட்டே கட்டினார். காரணம் கேட்டேன். "தட்டையாக விட்டால் காற்றில் அதிர்ந்து ரீங்காரம் செய்யும், முறுக்கிவிட்டால் பேசாதிருக்கும்" என்றார். முறுக்கிய பட்டையின் ஒவ்வோர் இடத்திலும் காற்று வெவ்வேறு கோணத்தில் படுகிறது; ஆதலால் அது முழுவதும் ஒருங்கே அதிரும் வாய்ப்புக் குறைகிறது. பத்துக் கிலோமீட்டர் தூரம் சென்றதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து எல்லாக் கட்டுகளையும் மறுபடி ஒரு முறை தொட்டுப் பார்த்து, தளர்ந்திருந்த இரண்டை இறுக்கினார்.

அவர் மற்றொன்றையும் சொன்னார். உறையைக் கட்டும் பட்டை வேறு. படகைக் கட்டும் பட்டை வேறு. உறை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அது படகைத் தாங்காது. படகின் முன்முனையும் பின்முனையும் தனித்தனியே டிரெய்லரோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். உறையைப் போர்த்துவதற்கு முன்பே அக்கட்டுகளைச் சோதித்துவிட வேண்டும். போர்த்திய பிறகு கண்ணுக்குத் தெரிவது துணிதான்.

நண்பர்களே! நம்மில் பலருக்குப் படகும் இல்லை, டிரெய்லரும் இல்லை. ஆயினும் இச்செய்தி நமக்கும் உரியதே. வைக்கோற் பாரம் ஏற்றிய லாரி, தார்ப்பாய் போர்த்திய சரக்கு வண்டி, கூரைமேல் மெத்தையைக் கட்டிய வாடகைக் கார் ஆகியவை நம் சாலைகளில் நாள்தோறும் போகின்றன. கட்டு அவிழ்ந்து துணி பறந்தால், முன்னே செல்பவருக்கு நேர்வது பொருள் நஷ்டம். பின்னே இரு சக்கர வண்டியில் வருபவரின் முகத்தில் அது விழுந்தாலோ, நேர்வது உயிர் நஷ்டம். கிழிந்த உறைக்கு வேறோர் உறை வாங்கிக்கொள்ளலாம். ஆகவே உறையை இறுக்கிக் கட்டுவது நம் உடைமையைக் காப்பதற்காக மட்டுமன்று. பெயர் தெரியாத அந்தப் பின்வழிப் பிரயாணியைக் காப்பதற்காகவுமாகும்.

இனி நீங்கள் சாலையோரம் நிற்கும்போது, தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று உங்களைக் கடந்து செல்லுமானால் ஒரு கணம் அதனைக் கவனியுங்கள். துணி எங்கே உப்புகிறது, எங்கே படபடக்கிறது, எந்த விளிம்பில் காற்று நுழைகிறது என்று பாருங்கள். அதன் வேகத்தை உத்தேசமாகக் கணித்து, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோகிராம் என்று மனக்கணக்குப் போடுங்கள். பிறகு நீங்களே ஒரு மூட்டையை வண்டியில் கட்ட நேரும் நாளில், முடிச்சை மற்றொரு முறை இழுத்துப் பார்க்க உங்கள் கை தானாகவே போகும்.