நிறம் சொல்லும் செய்தி

நிறம் என்றவுடன் அழகு என்னும் எண்ணமே பலருக்கும் முதலில் தோன்றும். மலருக்கு நிறம் அழகு; சேலைக்கு நிறம் அழகு. புத்தகத்தில் இடையிடையே வரும் வர்ணப்படமும் அவ்வாறே கண்ணைக் கவர்வதற்காகச் சேர்க்கப்பட்ட ஓர் அணி என்று கருதுவோர் உளர். விஞ்ஞான நூலுக்கும் வைத்திய நூலுக்கும் இக்கருத்துப் பொருந்தாது. அங்கே நிறம் ஒரு செய்தி. சில வேளைகளில் ஓர் உயிரே அச்செய்தியில் தங்கியிருக்கிறது.

இதற்கோர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பச்சைக் குழந்தைகள் சிலருக்குப் பித்தக்கான்கள் அடைபட்டுப் போகும் நோயொன்று உண்டு. ஈரலிலே சுரக்கும் பித்தம் குடலுக்குச் செல்ல வழியின்றித் தேங்கி, நாளடைவில் ஈரலையே கெடுத்துவிடும். யப்பானியச் சத்திரவைத்தியரான மோரியோ கசாய் 1950களில் வகுத்த சத்திரசிகிச்சை இதற்கு உதவுகின்றது. ஆயினும், குழந்தை பிறந்து ஏறக்குறைய 60 நாட்களுக்குள் அதனைச் செய்தலே நன்று. காலந் தாழ்த்துந்தோறும் பயன் குறையும். இடர்ப்பாடு யாதெனில், இக்குழந்தை தொடக்கத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே பால் குடித்து வளரும். பிறந்த குழந்தைகள் பலருக்குச் சில நாட்கள் மஞ்சள் காண்பது வழக்கமாதலால், கண் மஞ்சளித்திருப்பதையும் பெற்றோர் பெரிதாக எண்ணார். நோயைக் காட்டிக்கொடுப்பது மலத்தின் நிறமே. பித்தம் கலவாத மலம் வெளிறிக் களிமண் போலிருக்கும்.

'மலம் வெளிறியிருந்தால் வைத்தியரிடம் செல்க' என்று எழுதிக் கொடுத்தால் போதாதோ? போதாது. வெளிறல் என்ற சொல்லைக் கேட்ட பத்துத் தாய்மார் பத்து விதமான நிறத்தை நினைப்பர். ஆகவே, நல்ல நிறங்களையும் ஐயத்துக்குரிய நிறங்களையும் வரிசையாக அச்சிட்ட ஓர் அட்டையை யப்பானிய வைத்தியர்கள் தாய்மாரிடம் கொடுக்கலாயினர். தைவான் 2004ஆம் ஆண்டில் இம்முறையை நாடெங்கும் பரப்பியது. யப்பானில் 2012 முதல் இவ்வட்டை தாய்சேய் சுகாதாரக் கைந்நூலில் இடம்பெற்றது. தைவானில் இத்திட்டம் வந்தபின், உரிய காலத்தில் சத்திரசிகிச்சை பெற்ற குழந்தைகளின் வீதம் உயர்ந்தது. கறுப்பு மையில் அச்சிட்டால் ஒன்றுக்கும் உதவாத அவ்வட்டை, சரியான நிறத்தில் அச்சிட்டபோது ஒரு வைத்தியக் கருவியாயிற்று.

நிறத்தின் இப்பயனை முன்னோர் அறியாதவரல்லர். வெசாலியஸ் 1543ஆம் ஆண்டில் பாசல் நகரில் வெளியிட்ட உடற்கூற்றுப் பெருநூல், மரக்கட்டையிற் செதுக்கிப் பதித்த கறுப்புக் கோட்டுப் படங்களைக் கொண்டே அத்துறைக்குப் புதுவழி வகுத்தது. எலும்பின் வளைவையும் தசை பற்றும் இடத்தையும் காட்டக் கோடு போதும். நோயைக் காட்டப் புகுந்தபோதோ கோடு போதாதாயிற்று. இலண்டன் வைத்தியரான றொபேட் வில்லன் 1798 முதல் 1808 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தோல்நோய் நூலில், படங்களுக்குக் கையாலே நிறந்தீட்டுவித்தார். அதே 1798ஆம் ஆண்டில் எட்வேட் ஜென்னர் பசுவம்மை பற்றி எழுதிய சிறு நூலிலும் 4 வர்ணப்படங்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று, பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலே தோன்றிய கொப்புளங்களைக் காட்டுகின்றது. பசுவம்மையை ஒருபோதும் கண்டிராத தொலைதூர வைத்தியருக்கு அப்படமே கண்ணாயிற்று.

கையால் நிறந்தீட்டுதல் காலமும் பொருளும் வேண்டுவது. ஒரு பிரதியைப் போல மறுபிரதி அமைவதுமில்லை. இக்குறையை நீக்கும் வழியொன்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காணப்பட்டது. லெ புளொன் என்னும் ஓவியர் நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று மைகளையும் மூன்று தகடுகளால் ஒன்றன்மேலொன்றாகப் பதித்துப் பலவகை நிறங்களையும் தோற்றுவித்தார். கறுப்பும் சேர்ந்து நான்கு மைகளால் அச்சிடும் இக்காலத்து முறையும் அவ்வழி வந்ததே.

நிறத்தின் துணை இன்றியமையாத இன்னோரிடம் நுணுக்குக்காட்டியின் அடியில் உள்ளது. பற்றீரியாக்களிற் பெரும்பாலானவை இயல்பில் நிறமற்றவை. சாயமூட்டினாலன்றித் தெளிவாகத் தோன்றா. ஹன்ஸ் கிறிஸ்ரியன் கிறாம் 1884ஆம் ஆண்டில் வெளியிட்ட சாயமுறையால் அவை இரு பெரும் பிரிவுகளாகின்றன. ஒரு பிரிவு ஊதா நிறத்தைப் பற்றிக்கொள்ளும். மற்றது அந்நிறத்தை இழந்து, பின்னர் இடும் சாயத்தால் இளஞ்சிவப்பாகும். இவ்விரண்டையும் கறுப்பு வெள்ளைப் படத்திற் பார்க்கும் மாணாக்கன் இரண்டு சாம்பல் நிறங்களையே காண்பான். மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் வேறுபாடு அவன் கண்ணுக்கு மறைந்துபோகும்.

மலேரியாவைக் கண்டறிவதும் இத்தகையதே. சாயமூட்டிய குருதியில் கிருமியின் உடல் நீலமாகவும் அதன் கரு சிவப்பாகவும் தோன்றும். அவற்றின் அமைப்பையும், குருதிக்கலத்தின் பருமனையும், அதனுள்ளே காணும் இளஞ்சிவப்புப் புள்ளிகளையும் நோக்கியே கிருமியின் வகை துணியப்படும். வகைக்கேற்ப மருந்தும் மாறும். 1934-35ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 80,000 உயிர்களை மலேரியாவுக்குப் பலிகொடுத்த இலங்கை, 2016ஆம் ஆண்டில் அந்நோய் ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. நோய் ஒழிந்த நாட்டிலே வர்ணப்படத்தின் தேவை கூடுகின்றதேயன்றிக் குறையவில்லை. புதிதாகப் பயில்பவர் அக்கிருமியை நேரிற் காணும் வாய்ப்பு அரிது. பிறநாட்டிலிருந்து ஒருவர் அதனைக் கொண்டுவரும் நாளில் அடையாளங் காணவேண்டிய கடமையோ அவருக்கு உண்டு.

இவ்வளவு வன்மை படைத்த நிறம் பொய்யுரைக்கவும் வல்லது. பாடநூல்களில் நாடியைச் சிவப்பாலும் நாளத்தை நீலத்தாலும் காட்டுவது மரபு. விளக்கத்துக்கு அது உதவும். ஆனால், நாளத்திலே ஓடும் குருதி உண்மையாகவே நீலநிறமென்று நம்பி வளர்ந்த மாணாக்கர் பலர். ஒட்சிசன் குறைந்த குருதி கருஞ்சிவப்பேயன்றி நீலமன்று. இலத்திரன் நுணுக்குக்காட்டி தரும் படங்களும் இயல்பில் கறுப்பு வெள்ளையானவை. அவற்றிற் காணும் வர்ணங்கள் பின்னர் ஊட்டப்பட்டவை. ஊட்டுவது குற்றமன்று. ஊட்டியதைப் படத்தின் கீழே சொல்லாமல் விடுவதே குற்றம்.

இதனினும் பெரிய தவறொன்று நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்தது. ஆங்கில வைத்திய நூல்களிலே தோல்நோய்ப் படங்களிற் பெரும்பாலானவை வெள்ளைத் தோலையே காட்டிவந்தன. வெள்ளைத் தோலிற் செக்கச்சிவந்து தெரியும் தடிப்பு, கரிய தோலிற் கபிலமாகவோ ஊதாவாகவோ தோன்றலாம். கண்ணுக்கே புலனாகாமலும் போகலாம். ஒட்சிசன் குறைவால் உண்டாகும் நீலமும் கரிய தோலிற் தெரியாதாகையால், உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் பார்த்தல் வேண்டும். சிவப்பையே தேடப் பழகிய கண், சிவப்பைக் காணாதவிடத்து நோயில்லையென்று சொல்லிவிடும். இக்குறையைக் கண்ட இலண்டன் வைத்திய மாணாக்கரான மலோன் முக்வெண்டே, தம் ஆசிரியர் இருவரோடு சேர்ந்து, கபிலத் தோலிலும் கரிய தோலிலும் நோய்க்குறிகள் தோன்றும் விதத்தை விளக்கும் கைந்நூலொன்றை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டார். அயல்நாட்டு நூல்களைக் கொண்டு பயிலும் இலங்கை மாணாக்கருக்கும் இது நேரே தொடர்புடைய செய்தி. அவர்கள் நாளைக்குத் தொட்டுப் பார்க்கப்போகும் நோயாளிகளின் தோல் அந்நூல்களிற் காணும் தோலன்று.

காண்பவரின் கண்ணையும் மறத்தலாகாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர். ஏனைய மக்களிடையேயும் இக்குறை உண்டு. அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜோன் டால்ரன் தமக்கே இக்குறை இருந்ததை ஆராய்ந்து 1794ஆம் ஆண்டில் மன்செஸ்ரர் நகர அறிஞர் சபையில் விளக்கினார். ஆதலால், நிறத்தால் உணர்த்தும் செய்தியை எழுத்தாலோ அம்புக்குறியாலோ மீண்டும் உணர்த்துதல் நல்லாசிரியர் கடன்.

வர்ணப்படத்தை வகுப்பிலே காட்டும் ஆசிரியர் மூன்று வினாக்களை மாணாக்கர் முன் வைக்கலாம். இந்நிறம் பொருளின் இயற்கை நிறமா, சாயத்தால் வந்ததா, விளக்கத்துக்காக இட்டதா? வேறொருவர் உடலில் இதே நோய் எந்நிறத்தில் தோன்றும்? நிறத்தை நீக்கிவிட்டால் இப்படத்திலே எஞ்சும் அறிவு யாது? இவ்வினாக்களுக்கு விடை காணப் பழகிய மாணாக்கன் படத்தை வெறுமனே பார்ப்பவனல்லன், அதைப் படிப்பவன். நாளை நோயாளியின் முகத்தையும் அவன் அவ்வாறே படிப்பான்.