முன்னோரைத் தேடி

சிகந்தராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழரிடம் பூர்வீகம் யாது என்று வினவினால், ‘பட்டாளத்தோடு வந்தவர்கள்’ என்பர் சிலர். 1798ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கும்பினிப் படை ஐதராபாத்தின் அருகே தங்கிற்று. அப்பாசறையே 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைத் தாங்கிய ஊராயிற்று. சென்னைப் படையின் தமிழ்ச் சிப்பாய்களும், பின்னே வணிகரும் வந்து குடியேறினர்.

இவர்தம் வழியினர் முன்னோரை எங்கே தேடுவது? தெலங்கானா ஆவணக் காப்பகத்தில் நிஜாம் அரசின் இனாம், ஜாகீர்ப் பத்திரங்கள் குவிந்துள்ளன. வாரிசுரிமை கோரியோர் வம்சாவளி காட்ட வேண்டியிருந்தமையால் நிலமுடையார்க்குத் தலைமுறைகள் எழுத்தில் நின்றன. சிப்பாய்க்கு ஏது நிலம்?

பெயரை வைத்துத் தேடலாமெனில், பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். முத்துசாமி மகன் இராமசாமி. அவர் மகன் மீண்டும் முத்துசாமி! உருது எழுத்திலோ குற்றுயிர்க் குறிகள் பெரும்பாலும் விடுபடும், ழகரமும் இல்லை. மொழிபெயர்ப்பே தொழிலான நாமும் அங்கே திகைத்ததுண்டு.

வம்சாவளிகளில் பெண்கள் பெயர் பெரும்பாலும் இடம்பெறா. பூட்டி யார், எவ்வூரிலிருந்து வந்தாள் என்பதை வீட்டு முதியோரே சொல்லவேண்டும். நம் அத்தைப்பாட்டியைக் கேட்டு எழுதிக்கொள்ள எண்ணி, விடுமுறைக்கு விடுமுறை தள்ளிப்போட்டோம். இப்பொழுது அவர் பெட்டியிலுள்ள பழைய நிழற்படங்களில் இருப்பவர் யாரென்று சொல்ல எவருமிலர்.