‘முடியாது’ என்பது முடிவன்று

(பிரிக்பீல்ட்ஸில் நடைபெற்ற பயனீட்டாளர் விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விடியற்காலையில் பால்மரத்தடியில் நிற்கும் நீங்கள், கிடைத்த ஒரு நாள் ஓய்வையும் விட்டுவிட்டு இவ்வளவு தொலைவு வந்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் வீட்டுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு செய்தியையே பேச விரும்புகிறேன். புதிதாக வாங்கிய வண்டி பழுதாகிறது. விற்ற நிறுவனம் உத்தரவாதம் செல்லாது என்று கையை விரிக்கிறது. அப்போது நாம் என்ன செய்யவேண்டும்? இதுவே இன்றைய பொருள்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவரே வசதி படைத்தவர். இன்று பல வீட்டு வாசல்களில் கார் நிற்கிறது. சிலவற்றில் நான்கு கதவுகள் கொண்ட டீசல் பிக்கப் வண்டி நிற்கிறது. ஆனால் அந்த வண்டி முழுமையாக நம்முடையதன்று. ஒன்பது ஆண்டுகள் வரை நீளும் வங்கித் தவணையின் பேரில் நிற்கும் வண்டி அது. அது ஓடாமல் நின்றுவிட்டாலும் தவணை நிற்பதில்லை.

என் அண்ணன் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பின் கிள்ளானை அடுத்த காப்பாரில் குடியேறினார். அவருடைய சேமிப்பும் மகனுடைய சம்பளமும் சேர்ந்து ஒரு டீசல் பிக்கப் ஆயிற்று. எங்கள் தாயாரைக் கிள்ளான் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குக் குடும்பத்தோடு செல்லவும் அது பயன்பட்டு வந்தது. வாங்கிய பதினான்காம் மாதத்தில், மருத்துவமனையிலிருந்து தாயாரோடு ஷா ஆலாமில் உள்ள மகன் வீட்டுக்குச் செல்லும் வழியில், கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டது. உத்தரவாதமோ மூன்று ஆண்டுகளுக்கு இருந்தது.

விற்ற நிறுவனத்தின் பட்டறைக்கு வண்டி இழுத்துச் செல்லப்பட்டது. இரண்டு நாள் கழித்து விடை வந்தது: “டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இது எண்ணெயின் குற்றம், வண்டியின் குற்றமன்று. உத்தரவாதம் செல்லாது. பம்பும் நான்கு இன்ஜெக்டர்களும் மாற்ற 16,400 வெள்ளி ஆகும்.”

அன்றிரவு அண்ணன் எனக்குத் தொலைபேசியில் கூறிய சொற்கள் இவை: “தம்பி, அவர்கள் இஞ்சின் படித்தவர்கள். நாம் பால்வெட்டியவர்கள். அவர்களே இல்லையென்று சொன்ன பிறகு நாம் என்ன பேச முடியும்?”

அன்பர்களே, வண்டியின் பழுதைவிட இந்தப் பேச்சே எனக்குப் பெரிய பழுதாகத் தோன்றியது. 1941-ஆம் ஆண்டில் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதை உங்களில் மூத்தோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று, துரையும் கிராணியும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது. பின்னர் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. குறையை முணுமுணுத்துக்கொண்டு போகாமல், எழுதிக் கொடுத்து விடை கேட்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியது. சம்பளத்தில் ஐந்து வெள்ளி குறைந்தால் கேட்கத் தெரிந்த நாம், கடைக்காரரிடம் பதினாறாயிரம் வெள்ளியை இழக்கும்போது வாய் மூடி நிற்பது என்ன நியாயம்?

முதலில் அவர்கள் கூறும் காரணத்தைப் புரிந்துகொள்வோம். இன்றைய டீசல் இஞ்சினில் உயர் அழுத்தப் பம்பு ஒன்று எண்ணெயை 1,600 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்குத் தள்ளுகிறது. கார்ச் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2 பார்தான். இந்தப் பம்புக்கு மசகும் டீசலே. அதில் தண்ணீர் கலந்தால் மசகு குறைகிறது, துரு பிடிக்கிறது, தலைமயிரினும் மெல்லிய இடைவெளிகள் தேய்கின்றன. ஆகவே தண்ணீர் இஞ்சினைக் கெடுக்கும் என்பது உண்மையே.

ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? எண்ணெய் நிலையத்தின் தொட்டியிலிருந்து வந்திருக்கலாம். பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து சேர்ந்திருக்கலாம். நம் நாட்டு டீசலில் செம்பனையிலிருந்து பெறப்படும் எரிபொருள் கலக்கப்படுகிறது. 2019-இல் அதன் பங்கு நூற்றுக்குப் பத்தாக உயர்ந்தது. அது வெறும் டீசலைவிட அதிக ஈரத்தை உறிஞ்சக்கூடியது. இதனால்தான் வண்டியிலேயே தண்ணீரைப் பிரித்து நிறுத்தும் கிண்ணமும், தண்ணீர் சேர்ந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கும் வைக்கப்பட்டுள்ளன. அந்தக் கிண்ணமோ பில்டரோ சரியாக வேலை செய்யாவிட்டால் அது வண்டியின் குறை. ஆகவே “தண்ணீர் இருந்தது” என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை. கேள்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

நாங்கள் நான்கு கேள்விகளை எழுதி அந்நிறுவனத்திடம் கொடுத்தோம். எவ்வளவு தண்ணீர் இருந்தது? யார், எந்த நாளில், எந்த முறையில் சோதித்தார்கள்? சோதித்த எண்ணெயின் மாதிரி எங்கே? உத்தரவாத ஏட்டின் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள்? ஒன்பது நாள் கழித்து இரண்டே வரியில் விடை வந்தது: “எண்ணெய் மாசு. உத்தரவாதத்தில் அடங்காது.” சோதனை அறிக்கை ஏதுமில்லை. மாதிரியைக் கொட்டிவிட்டதாக வாய்மொழியாகக் கூறினார்கள்.

இந்த இடத்தில் எங்களைக் காப்பாற்றியவர் என் அண்ணியார். வீட்டிலிருந்த ஒரு பிஸ்கட் டின்னில் டீசல் ஊற்றிய இரசீதுகள் அத்தனையையும் அவர் போட்டு வைத்திருந்தார். எல்லாம் ஒரே எண்ணெய் நிலையத்தின் இரசீதுகள். அவற்றோடு, வண்டி நிற்பதற்கு ஏழு வாரங்களுக்கு முன் அதே நிறுவனத்தின் பட்டறையில் செய்த பராமரிப்பின் பட்டியலும் இருந்தது. டீசல் பில்டர் மாற்றப்பட்டது, தண்ணீர்க் கிண்ணம் சோதிக்கப்பட்டது, நன்றாக உள்ளது என்று அவர்களே அதில் எழுதியிருந்தார்கள்.

இனி சட்டம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. உத்தரவாத ஏடு நிறுவனம் தரும் வாக்கு. இச்சட்டம் தருவதோ நாடாளுமன்றத்தின் வாக்கு. பயனீட்டாளருக்கு விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்று அதன் 32-ஆம் பிரிவு கூறுகிறது. பொருள் அதன் வழக்கமான பயனுக்கு உதவவேண்டும், ஆபத்தில்லாததாக இருக்கவேண்டும், அதன் விலைக்கும் தன்மைக்கும் ஏற்ற காலம் உழைக்கவேண்டும். “இச்சட்டம் எங்களுக்குப் பொருந்தாது” என்று கடைக்காரர் ஒப்பந்தத்தில் எழுதி அதைத் தள்ளிவிட முடியாது. அதே வேளையில், நியாயமான ஒருவர் பயன்படுத்தாத முறையில் நாம் பொருளைப் பயன்படுத்திக் கெடுத்திருந்தால் சட்டம் நமக்குத் துணை வராது என்பதையும் மறவாதீர்கள்.

இது ஏட்டளவில் நிற்கும் விதியன்று. பஞ்சாக் நியாகா என்னும் நிறுவனம் என்.இசட். வீல்ஸ் என்னும் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு 2012-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றிருக்கிறது. வாங்கிய மெர்சிடிஸ் கார் மீண்டும் மீண்டும் தொல்லை கொடுத்ததைப் பற்றிய வழக்கு அது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே சட்டத்தைக் கொண்டு வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது. மெர்சிடிஸ் வாங்கியவருக்கு ஒரு சட்டமும் பிக்கப் வாங்கிய பால்வெட்டுத் தொழிலாளிக்கு வேறு சட்டமும் இல்லை.

அத்தகைய வழக்குக்கு வழக்கறிஞர் வேண்டும், பணம் வேண்டும் என்று நீங்கள் எண்ணலாம். அதற்காகவே இச்சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. மலாய் மொழியில் ‘திரிபூனல் துந்துத்தான் பெங்குனா’ என்பார்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளி. இருதரப்பிலும் வழக்கறிஞர் வந்து வாதாட முடியாது. நாமே பேசவேண்டும், நிறுவனத்தின் ஊழியரும் தாமே பேசவேண்டும். 2019-இல் செய்த திருத்தத்தின்படி 50,000 வெள்ளி வரை கோரலாம். கோரும் உரிமை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும்.

தாயாரின் மருத்துவமனை நாள்கள் நெருங்கியதால் அண்ணன் வண்டியைக் காத்திருக்க விடவில்லை. உங்கள் மறுப்பை நான் ஏற்கவில்லை, செலவைத் திரும்பக் கோருவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வேறொரு பட்டறையில் அதே 16,400 வெள்ளிக்குப் பழுது பார்த்தார். கழற்றிய பம்பையும் இன்ஜெக்டர்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு மன்றத்தில் மனுச் செய்தார்.

விசாரணை நாளில் மன்றத் தலைவர் நிறுவனத்தின் ஊழியரிடம் சோதனை அறிக்கையைக் கேட்டார். அவர் ஒரு புட்டியின் படத்தைக் காட்டினார். அதில் தேதியும் இல்லை. வண்டி எண்ணும் இல்லை. அடுத்துத் தலைவர் அண்ணனை நோக்கி, “எச்சரிக்கை விளக்கு எரிந்ததா?” என்று கேட்டார். அண்ணன் சற்றுத் தயங்கினார். பிறகு, “காலையில் காப்பாரில் எரிந்தது, ஐயா. அம்மாவை மருத்துவமனையில் காட்டிவிட்டு மாலையில் பட்டறைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்” என்றார்.

அவர் பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது என்று திரும்பி வரும் வழியில் ஒருவர் கூறினார். அப்படியன்று. இஞ்சினில் உள்ள கணினி விளக்கு எரிந்ததைப் பதிந்து வைத்திருக்கக்கூடும்; ஒரு பொய் வெளிப்பட்டால் மற்ற உண்மைகளும் மதிப்பிழந்துவிடும். மன்றம் 12,000 வெள்ளியை அண்ணனுக்குத் திருப்பித் தருமாறு தீர்ப்பளித்தது. விளக்கு எரிந்த பின்னும் ஓட்டியதற்காக மீதி 4,400 வெள்ளி அவர் பங்காயிற்று. வண்டியில்லாத நாள்களில் டாக்சிக்குக் கொடுத்த பணத்திற்கு இரசீது இல்லாததால் அதுவும் கிடைக்கவில்லை. நிறுவனம் பதினான்கு நாள்களுக்குள் பணத்தைச் செலுத்திவிட்டது. அக்காலத்திற்குள் செலுத்தாமல் இருப்பது சட்டப்படி குற்றம்.

இனி, நம்மவர் இடறி விழும் மூன்று இடங்களைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

முதலாவது, தொழில் வண்டி. இச்சட்டம் சொந்த, குடும்பப் பயனுக்கு வாங்கப்படும் வகைப் பொருள்களுக்கே உரியது. வாடகைக்குப் பாரம் ஏற்ற வாங்கிய லோரிக்கு இந்நடுவர் மன்றத்தை நம்பிச் சென்றால் ஏமாற்றம் நேரலாம். அதற்கு 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும் நீதிமன்றமுமே வழி. இந்தியாவில் நிலை வேறு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கழகம் தொடர்பான வழக்கொன்றில் 1995-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தன் பிழைப்புக்காகத் தானே ஓட்ட லோரி வாங்குபவரும் பயனீட்டாளரே என்று விளக்கியது. அத்தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆகவே லோரி வாங்கும் இளைஞர்கள் கையொப்பமிடும் முன்பே உத்தரவாத விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தவணை. கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், அறிவிப்புக் கொடுத்துவிட்டு வண்டியைப் பறிமுதல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. விற்றவரோடு சச்சரவு இருந்தாலும் வங்கிக் கணக்கு தனியே ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, மலிவான எண்ணெய். 2024 ஜூன் மாதம் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தபோது, பீப்பாயில் விற்கும் எண்ணெயின்மீது பலருக்கு ஆசை எழுந்தது. இரசீது இல்லாத எண்ணெய் ஊற்றிய வண்டிக்கு எந்த மன்றத்திலும் வாய் எழாது.

ஆசிரியர் பயிற்சி பெற்றவன் ஆதலால், பாடத்தைச் சுருக்கிக் கூறாமல் அமர என் மனம் இடந்தராது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த விதியின்படி என்று கேளுங்கள். சோதித்த மாதிரியை உங்கள் முன்னிலையில் இரண்டு புட்டிகளில் எடுத்து, தேதியிட்டு, ஒன்றை உங்களிடம் தரச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களை வாங்கி வையுங்கள். இரசீதுகளை ஒரே டின்னில் போடுங்கள். குறித்த காலத்தில் பராமரிப்புச் செய்யுங்கள். விளக்கு எரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். தனியே செல்ல அச்சமாக இருந்தால், தோட்டத்துப் பள்ளி ஆசிரியரையோ, சங்கச் செயலாளரையோ, பயனீட்டாளர் சங்கத்தையோ நாடி மனு எழுத உதவி பெறுங்கள்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், புதிதாக வாங்கிய குளிர்பதனப் பெட்டி குளிரவில்லை, கடையில் முடியாது என்கிறார்கள் என்று முறையிட வந்தான். நான் வாய் திறக்கும் முன்பே அண்ணன், “முடியாது என்பதை எழுதி வாங்கினாயா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு வீட்டிலும் எழவேண்டும் என்று விரும்புகிறேன்.