காற்றுத் துப்பாக்கிக்கு எண்ணெய் இடுதல்

கிணற்று உருளை கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம். தையல் யந்திரம் கனத்தாலும் எண்ணெய் விடுகிறோம். அந்தப் பழக்கத்தாலேயே, சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியின் வேகம் குன்றியதும் அதன் காற்றுத் துளையில் தாராளமாக எண்ணெயை ஊற்றுவோர் உண்டு. அது ஏன் தவறு என்பதை அறிய அதன் உள்ளமைப்பைச் சற்று நோக்குவோம்.

குழலை மடக்கும்போது உள்ளே ஒரு பிஸ்டன் பின்வாங்கி, வலிய சுருள்வில்லை அழுத்தி நிற்கிறது. விசையை இழுத்ததும் வில் விடுபடுகிறது. பிஸ்டன் முன்னே பாய்ந்து, எதிரிலுள்ள காற்றைக் கணப்பொழுதில் நெருக்குகிறது. அக்காற்றே ரவையைத் தள்ளுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பகுதி சூடேறுவதைத் தொட்டறிந்திருப்பீர்கள். விரைந்து நெருக்கப்படும் காற்று வெப்பமடைகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறியின்றியே எரிபொருள் பற்றிக்கொள்வதும் இதனால்தான். துப்பாக்கியின் காற்றறையில் சாதாரண யந்திர எண்ணெய் தங்கினால் அங்கும் அதுவே நிகழும். வெடியோசையும் புகையும் எழும், பிஸ்டனின் முகப்பிலுள்ள வாஷர் கருகும், வில்லும் முறியக்கூடும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? பெரியவர் ஒருவர் உடனிருக்க, உள்ளே ரவை இல்லை, வில் இழுபட்டு நிற்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குழலை எவரை நோக்கியும் திருப்பலாகாது. பழைய துப்பாக்கிகளில் வாஷர் தோலால் ஆனது. தோல் வறண்டால் காற்று கசியும். எனவே தயாரித்தவர் குறிப்பிடும் எண்ணெயில் ஓரிரு துளிகள் இட்டு ஊறவிட வேண்டும். இக்காலத்துச் செயற்கை வாஷருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தேவையில்லை. தேவைப்பட்டால் அதற்குரிய சிலிக்கோன் எண்ணெய் ஒரு துளி போதும். ஆனால் உலோகத்தோடு உலோகம் உராயும் மடக்குக் கீலுக்கு அது உதவாது. அங்கே யந்திர எண்ணெய் ஒரு சொட்டு வேண்டும். சமையலெண்ணெய் நாளடைவில் பிசின்போல் இறுகுமாதலால் எங்கும் ஆகாது. கையின் வியர்வையிலுள்ள உப்பு துருவை வளர்க்கும். வேலை முடிந்ததும் எண்ணெய் தோய்ந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து வையுங்கள்.

இரண்டு செயல்களை அறவே விலக்குங்கள். ரவையின்றிச் சுட்டால், தடுக்கும் காற்றுமெத்தையின்றிப் பிஸ்டன் அறையின் சுவரில் மோதிச் சிதையும். துப்பாக்கியைக் கழற்றுவது அதனினும் ஆபத்து. ஓய்விலிருக்கும்போதும் வில் ஓரளவு அழுந்தியே இருக்கிறது. ஆணியை நீக்கிய கணமே பாகங்கள் பாய்ந்து முகத்தைத் தாக்கலாம். வில்லை அடக்கிப் பிடிக்கும் கருவியுடைய தொழிலாளியிடம் அப்பணியை விட்டுவிடுவதே அறிவுடைமை.

எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுக்குமுன், அத்துளி எங்கே செல்லும், அங்கே என்ன செய்யும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யந்திரத்தைப் பேணும் கலை அங்கேதான் தொடங்குகிறது.