அமானிதமாய் வந்த பிள்ளைகள்

(திருவொற்றியூரில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சற்று முன்னர் செயலாளர் அவர்கள் ஆண்டுக் கணக்கை வாசித்தார்கள். வரவு, செலவு, கையிருப்பு அனைத்தும் ஒரு ரூபாய் பிசகாமல் சொல்லப்பட்டன. உண்டியலைத் திறக்கும்போது மூவர் உடனிருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அந்த மூவரில் எவரையும் நாம் சந்தேகிப்பதில்லை. ஆயினும் மூவர் இருந்தே தீரவேண்டும் என்கிறோம். ஏனெனில் அது பொதுப்பணம், அமானிதம்.

அப்படியானால் ஒரு கேள்வி. அஸருக்குப் பின் ஓதுவதற்காக நாம் அனுப்பி வைக்கும் பிள்ளை அந்த உண்டியலைவிடக் குறைந்த அமானிதமா? உண்டியலுக்கு மூவரை வைத்த நாம், பிள்ளைக்கு யாரை வைத்திருக்கிறோம்? இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். கேட்பதற்குக் கசப்பான செய்தி. தாய்மார்கள் இருக்கும் சபை என்பதால் அளந்தே பேசுவேன். ஆனால் மறைத்துப் பேசமாட்டேன்.

நமது பகுதியின் நிலை

நமது திருவொற்றியூர் உழைப்பாளிகளின் ஊர். தந்தை துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ ஷிப்டு பார்க்கிறார். அல்லது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியோடு வரிசையில் நிற்கிறார். பல வீடுகளில் தாயும் வேலைக்குச் செல்கிறார். வீடுகளோ சிறியவை. ஆகவே நம் பிள்ளைகள் தம் நாளின் பெரும்பகுதியைப் பிறருடைய பொறுப்பில்தான் கழிக்கிறார்கள். பள்ளி, டியூஷன், மக்தப், கோடை வகுப்பு, விளையாட்டுக் குழு, ரமளான் இரவுகள் என்று எல்லா இடங்களிலும் நாம் நம்பித்தான் ஒப்படைக்கிறோம். நம்பிக்கை வைப்பதில் தவறில்லை. நம்பிக்கைக்குக் காவல் வைக்காமல் விடுவதுதான் தவறு.

"நம்மூரில் இதெல்லாம் நடக்காது" என்று சிலர் எண்ணலாம். சென்னையில் இயங்கும் 'துளிர்' என்ற அமைப்பு, இந்நகரின் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் நடத்திய ஆய்வை 2006-ஆம் ஆண்டு வெளியிட்டது. அவர்களில் 42 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையான பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தனர். ஆண் பிள்ளைகளில் 48 விழுக்காடு. பெண் பிள்ளைகளில் 39 விழுக்காடு. மறுஆண்டு, 2007-இல், மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வை வெளியிட்டது. அதிலும் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவ்வாறே கூறினர். தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், பிள்ளைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள் அல்லது பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள். "பெண் பிள்ளையைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும், பையனுக்கு என்ன?" என்ற நம் எண்ணம் எவ்வளவு பெரிய பிழை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

2018-ஆம் ஆண்டு அயனாவரத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு அது. செவித்திறன் குறைந்த ஒரு சிறுமிக்கு அங்கே மாதக்கணக்கில் கொடுமை இழைக்கப்பட்டது. 17 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டு, 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அவர்களில் காவலாளிகளும் லிப்ட் இயக்குபவர்களும் இருந்தனர். சுவர் வெளியாரைத் தடுத்தது; உள்ளே சாவி வைத்திருந்தவர்களைக் கண்காணிக்க எவரும் இல்லை.

நான் கையெழுத்திட்ட ஒரு தாள்

பிறரைப் பற்றிச் சொல்லிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் போவது நியாயமன்று. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் வசித்தேன். அவ்வூரின் பெயரும் ஜமாஅத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் திடீரென ஓதப் போக மறுத்தான். அடித்தும் போகவில்லை. தாய் அருகில் அமர்த்தித் தலையைத் தடவிக் கேட்டபோது அழுதுகொண்டே சொன்னான். தந்தை நியாயம் கேட்டு ஜமாஅத்திடம் வந்தார்.

நாங்கள் ஐவர் அமர்ந்தோம். பிள்ளையை அழைத்து, அத்தனை ஆண்களுக்கு நடுவில் நிற்க வைத்து, மூன்று முறை கேட்டோம். மூன்றாம் முறை அவன் வாய் திறக்கவில்லை. "குடும்பத்தின் மானம் போகும், பள்ளிவாசலின் பெயர் கெடும்" என்று தந்தைக்கு எடுத்துச் சொன்னோம். "இதை இத்துடன் முடித்துக்கொள்கிறோம்" என ஒரு வெள்ளைத்தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திட்டோம். அந்த ஆசிரியருக்குச் சம்பள பாக்கியைக் கொடுத்து, கண்ணியமாக ஊரைவிட்டு அனுப்பி வைத்தோம். பெரிய பிரச்சினையைச் சத்தமில்லாமல் தீர்த்துவிட்டோம் என்ற மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

அவர் அடுத்து எந்த ஊருக்குப் போனார், அங்கே எத்தனை பிள்ளைகள் அவரிடம் ஓதினார்கள் என்று நாங்கள் ஐவரில் ஒருவரும் விசாரிக்கவில்லை. அந்தச் சிறுவன் இன்று பிள்ளைகளைப் பெற்ற தந்தை. அவனை ஒருமுறை சந்தித்தேன். ஸலாம் சொன்னான், முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தாளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மறுமையில் சொல்லியாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாங்கள் அன்று செய்தது இன்று தண்டனைக்குரிய குற்றம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. 18 வயது நிறையாத ஆண், பெண் இருபாலரும் இச்சட்டத்தின்படி குழந்தைகளே. குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. கல்வி நிலையத்திலோ மத நிறுவனத்திலோ நிர்வாகியாகவோ ஊழியராகவோ இருப்பவர் அங்குள்ள பிள்ளையிடம் குற்றம் செய்தால், அதைக் கடுமையான குற்றமாகவே சட்டம் வகைப்படுத்துகிறது.

"இருதரப்பும் சமாதானமாகிவிட்டால்?" என்று கேட்பீர்கள். ராஜஸ்தானில் ஒரு பள்ளி ஆசிரியர் மீது இத்தகைய வழக்கு பதிவானது. பிறகு பிள்ளையின் தந்தை, தவறான புரிதலால் புகார் கொடுத்ததாக முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார். உயர் நீதிமன்றமும் அதை ஏற்று வழக்கை ரத்து செய்தது. அந்த வழக்கோடு தொடர்பில்லாத ஊர்க்காரர்கள் இருவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, வழக்கு தொடர வேண்டும் என உத்தரவிட்டது. இது இரு குடும்பங்களுக்கு இடையேயான வழக்கன்று, சமுதாயத்திற்கு எதிரான குற்றம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். தந்தையே எழுதிக் கொடுத்தாலும் செல்லாதது, ஜமாஅத் எழுதி வாங்கினால் செல்லுமா?

சகோதரர்களே, திருமணப் பிணக்கையும் கொடுக்கல் வாங்கலையும் பேசித் தீர்ப்பது நம் ஜமாஅத்தின் சிறப்பு. அது தொடரட்டும். இந்த ஒரு விஷயம் மட்டும் நம் பஞ்சாயத்துக்கு அப்பாற்பட்டது. விசாரிப்பது நம் வேலையன்று. தெரிவிப்பதே நம் வேலை.

இது நம் சமுதாயத்திற்கு மட்டும் உரிய நோயுமன்று. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளில் அரசு அமைத்த விசாரணைக் குழு, பல சமயங்களைச் சார்ந்த 38 அமைப்புகளை ஆராய்ந்து 2021-இல் அறிக்கை வெளியிட்டது. பெயர் கெடும் என்ற அச்சமும், பெரியவர் மீதான கண்மூடித்தனமான மரியாதையும் பிள்ளைகளின் வாயை அடைத்திருந்தன என்பதை அது எடுத்துக் காட்டியது.

பிரம்பைப் பற்றி

அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை விட்டுச்சென்ற காலம் ஒன்று இருந்தது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்தது. 2012-இல் வந்த திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்திலிருந்து விலக்கியது. இதைக் காட்டி, "நமக்குத் தடையில்லை" என்று சிலர் கூறுவர். அது தவறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, தம் பொறுப்பிலுள்ள பிள்ளையைத் துன்புறுத்துவோரைத் தண்டிக்கிறது. அதில் மக்தபுக்கு விலக்கு இல்லை. மேலும், கைநீட்டி அடிப்பவரிடம் எந்தப் பிள்ளையும் தன் வேதனையைச் சொல்ல வராது.

நாம் செய்ய வேண்டியவை

நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்குச் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

1. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. ஓதும் அறையின் கதவு திறந்தே இருக்கட்டும்.

2. புதிதாக ஆசிரியரையோ, முஅத்தினையோ, காவலாளியையோ அமர்த்தும் முன் முந்தைய ஊர் ஜமாஅத்திடம் நேரில் விசாரிக்க வேண்டும். பிள்ளைகளோடு பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர் அனைவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு பெற வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் கூறுகின்றன.

3. சுற்றுலா, முகாம், இரவு நிகழ்ச்சிகளில் பொறுப்பாளர்கள் இருவராவது உடனிருக்க வேண்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

4. ஆசிரியர் பிள்ளைக்கு நேரடியாக அலைபேசியில் செய்தி அனுப்பக் கூடாது. எதுவாயினும் பெற்றோர் வழியாகவே.

5. புகார் கேட்க ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நியமிக்கப்பட வேண்டும். அவர்கள் பெயரும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும்.

6. புகார் வந்தால் அன்றே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நபர் உடனே பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைக்கப்பட வேண்டும். பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது.

ஆசிரியப் பெருமக்கள் இதைத் தம்மீதான சந்தேகமாக எண்ண வேண்டாம். குறைந்த சம்பளத்தில், சொந்த ஊரைவிட்டு வந்து நம் பிள்ளைகளுக்காக உழைப்பவர்கள் நீங்கள். திறந்த கதவு பிள்ளையைக் காப்பது போலவே, வீண்பழியிலிருந்து உங்களையும் காக்கும். உண்டியல் திறக்கும்போது உடன் நிற்கும் மூவர், எண்ணுபவரின் நாணயத்திற்கும் சாட்சிகள் அல்லவா?

தாய்மார்களுக்கு ஒரு சொல்

பிள்ளை திடீரென ஓரிடத்திற்குப் போக மறுத்தால், பிரம்பை எடுக்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்டுவிடாதீர்கள். "உன் மேல் தவறில்லை, நீ சொன்னது நல்லது" என்ற இரண்டு வார்த்தை போதும். திரும்பத் திரும்பக் கேட்டுப் புண்ணைக் கிளறாதீர்கள். காவல் நிலையம் என்றால் அஞ்சவும் வேண்டாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை பெண் அதிகாரி, பதிவு செய்ய வேண்டும் என்றும், பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது என்றும் சட்டம் கூறுகிறது.

பள்ளிவாசலின் பெயர் கெடும் என்று அன்று ஐவர் அஞ்சினோம். பள்ளிவாசலின் பெயர் சுவரிலும் மினாராவிலும் இல்லை. அச்சமின்றி ஓடிவரும் பிள்ளைகளின் காலடியில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கோடு பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன செய்தோம் என்பதும் வாசிக்கப்படட்டும். அதை இன்றே தீர்மானமாக நிறைவேற்றுமாறு இந்தச் சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைக் காக்கும் தகுதியை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.