படங்கு லொறியின் வளையும் எங்கட கைவேலையும்

(டார்னெய்ட்டில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பழைய இராணுவ லொறிக்குப் படங்கு தாங்கிற வளை செய்யிற வேலையைப் பற்றித்தான் நான் பேசப்போறன். படங்கு மூடின பச்சை லொறி எண்டால் எங்கட சனத்துக்கு நெஞ்சு பதறும். "அதைப் போய் நாங்கள் ஏன் திருத்த வேணும்?" எண்டு ஒரு அம்மா என்னைக் கேட்டவ. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறன்.

இங்கே பழைய வாகனம் சேர்க்கிறவர்கள் விரும்புவது "பிளிட்ஸ்" லொறி. இரண்டாம் உலகப்போரில் கனடாவில் ஃபோர்ட், செவ்ரோலே கம்பனிகள் 4 இலட்சத்துக்கும் மேல் செய்தவை. அவுஸ்திரேலியாவிலும் பொருத்தினார்கள். போர் முடிய அவற்றைக் கமக்காரர் வாங்கினார்கள். விக்டோரியாவில் காட்டுத்தீ அணைக்கவும் ஓடின. தண்ணித் தாங்கியும் வைக்கோலும் ஏற்ற வளை இடைஞ்சல். கழற்றி எறிஞ்சிட்டினம். அதனால் இண்டைக்கு லொறி கிடைக்கும், வளை கிடைக்காது. புதிசாய்ச் செய்யத்தான் வேணும்.

செய்யிற முறை இதுதான். முதலில் பெட்டியின் இரு பக்கமும் கால் செருகிற இடங்களை அளக்க வேணும். பழைய பெட்டி கோணலாய் இருக்கும். ஒவ்வொரு சோடியையும் தனித்தனியே அளவுங்கோ. பிறகு நிலத்தில் சோக்கால் முழு அளவில் வளையைக் கீறுங்கோ. குழாயைச் சும்மா வளைச்சால் நசுங்கும். உள்ளே மண் நிரப்பி இரண்டு முனையையும் அடைச்சுச் சூடாக்கி வளைக்கலாம். மண் நல்லாய்க் காய்ஞ்சிருக்க வேணும். ஈரம் இருந்தால் ஆவி பொங்கி அடைப்பு வெடிச்சுப் பறக்கும். நாகம் பூசின குழாயைச் சூடாக்க வேண்டாம், அந்தப் புகை காய்ச்சல் தரும். சூடாக்காமல் வளைச்சால் இரும்பு கொஞ்சம் திரும்பி விரியும். கீறினதை விடச் சற்றுக் கூட வளையுங்கோ. ஒட்டின இடங்களை அராவி மழுப்புங்கோ, இல்லையெண்டால் காற்றில் உரசிப் படங்கு கிழியும். பருத்திப் படங்கு நனைஞ்சால் சுருங்கும், இறுக்கிக் கட்டுறதில்லை. கடைசியாய்த் துரு பிடியாத பூச்சு, அதன் மேல் பச்சை.

இதில் எங்கட ஆக்களுக்குப் புதிசு என்ன இருக்கு? கூடார வண்டிலுக்கு மூங்கில் வளைச்ச கை எங்கட கை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள்ளே, பெற்றோலும் உதிரிப்பாகமும் இல்லாத யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டினவர்கள் எங்கட மெக்கானிக்மார். கடையில் இல்லாததைக் கையால் செய்யிறது எங்களுக்குப் பழகின தொழில்.

ஆனால் அந்த அண்ணைமாருக்கு இப்ப எழுபது வயதாகுது. 2012, 2013இல் கடலால் வந்து, இன்னும் தற்காலிக விசாவில் நிற்கிற தம்பிமார் கோழி வெட்டுற இடத்திலும் இரவுக் காவலிலும் நிற்கினம். இரண்டு பேரையும் ஒரு பட்டறையில் சேர்க்காவிட்டால் இந்த வேலை அழிஞ்சுபோகும். ஒரு தம்பி செய்த வளையைப் பார்த்த வெள்ளைக்காரர், அவரிட்ட கடதாசி கேட்கேல்லை. அடுத்த லொறியைத்தான் கொண்டுவந்தார்.

அம்மாவுக்கு என்ர பதில்: லொறி யாரை ஏற்றினது எண்டதை நாங்கள் மறக்கத் தேவையில்லை. வளைக்கத் தெரிஞ்ச கை எங்கட பிள்ளைகளுக்குச் சோறு போடும். கராஜ் வைச்சிருக்கிறவர்கள் சனிக்கிழமைகளில் ஒரு பிள்ளையையாவது பக்கத்தில் நிற்க விடுங்கோ.